தனி டம்ளரும் பொது ரேஸரும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். இந்தப் பக்கம் எழுதி ரெண்டு மாசம் ஆச்சு. இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன். போன ஞாயித்துக்கிழமை நண்பர் ஒருத்தரோட பழைய ரேஸரைப் பத்திப் பேசப்போய், பேச்சு வாக்குவாதமாகி, வாக்குவாதம் கிட்டத்தட்ட சண்டையில போய் நின்னுடுச்சு. அவர் சொன்னது தப்புன்னு அங்கேயே சொல்லிட்டேன். நான் சொன்னதுலயும் முக்கியமான ஒண்ணு விட்டுப்போச்சுன்னு பஸ்ல திரும்பி வரும்போதுதான் உறைச்சுது. ரெண்டையும் எழுதி வெச்சுடறேன்.

டிஸ்கி: நான் டாக்டர் கிடையாது. பழைய ரேஸர் பைத்தியம் பிடிச்ச சாதாரண ஆள். உடம்பு சம்பந்தப்பட்ட சந்தேகத்துக்கு டாக்டர்கிட்ட போங்க.

நண்பருக்கும் இந்தப் பைத்தியம் சமீபத்துல ஒட்டிக்கிச்சு. பழைய சாமான் கடையில ஒரு ஜில்லெட் ரேஸரைப் பிடிச்சுட்டு வந்திருக்கார். மூணு பாகமா கழர்ற டைப். மேல் மூடி, நடுத்தகடு, கைப்பிடி. 'டெக்'னு பேரு. 1938ல வந்த மாடல். அதுக்கு முன்னாடி வந்த ஜில்லெட் ரேஸர்ல பெரும்பாலும் பிளேடுக்குக் கீழ சீப்பு மாதிரி பல் இருக்கும். இதுல பல் கிடையாது, நேரான பட்டை. ஓரத்துல எல்லாம் பழுப்பா ஏதோ அப்பியிருக்கு. கைப்பிடி மரைக்குள்ள பச்சையா களிம்பு.

"இதைக் கழுவினீங்களா?"ன்னு கேட்டேன்.

"ஸ்பிரிட்ல முக்கி எடுத்தேன் சார். அதுவுமில்லாம பிளேடு புதுசு. மூஞ்சில படறது பிளேடுதானே? மத்ததெல்லாம் வெறும் பிடிதான்"ன்னார். கூடவே பெருமையா ஒரு வார்த்தை. "என் பையனும் இப்ப இதையேதான் யூஸ் பண்றான். அஞ்சு பிளேடு வெச்ச பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுட்டான்."

நான் பிடிச்சுக்கிட்டது முதல் ரெண்டு வரியை. பிடிச்சிருக்க வேண்டியது மூணாவது வரி. அதுக்குக் கடைசியில வரேன்.

முதல் வரியைப் பார்ப்போம். மூஞ்சில படறது பிளேடு மட்டும் இல்லை. பிளேடோட விளிம்பு தகட்டை விட்டு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கறது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை ஒட்டி இருக்கற மூடியும், கீழ்ப்பட்டையும் தோல்மேல உரசிக்கிட்டேதான் போகும். வெட்டு விழுந்தா ரத்தம் வர்ற இடத்துமேலயேதான் அந்தப் பட்டை ஏறி இறங்கும். புது ஊசியைப் பழைய சிரிஞ்சுல மாட்டிக்கிட்டு 'ஊசி புதுசுதானே'ன்னு சொன்னா ஒத்துக்குவோமா?

ரெண்டாவது, ஸ்பிரிட். இதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. கழுவறது வேற, கிருமி நீக்கறது வேற. முதல்ல கழுவணும், அப்புறம்தான் மருந்து. ஆஸ்பத்திரியில ஆபரேஷன் கத்தியைக்கூட முதல்ல தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் கொதிநீராவி மெஷின்ல வைக்கறாங்க. பழைய ரேஸர்ல அப்பியிருக்கற அந்தப் பழுப்பு என்ன தெரியுமா? பல வருஷத்து சோப்பு, உப்புத்தண்ணியில இருக்கற கால்சியத்தோட சேர்ந்து இறுகிப்போனது. அதுக்கு நடுவுல தோல் செதில், முடித்துணுக்கு, சில சமயம் காய்ஞ்ச ரத்தம். இந்தப் படலத்துமேல ஸ்பிரிட்டை ஊத்தினா மேலாக்க நனைச்சுட்டு ஆவியாப் போயிடும். உள்ள இருக்கறது உள்ளயே இருக்கும். டெட்டாலோ வேற எதுவோ, எதுக்கும் இதே கதைதான். அழுக்கைத் தாண்டி உள்ள போகாத மருந்து வாசனைக்கு மட்டும்தான் ஆகும்.

இதுக்கு நேர் எதிர்க்கோடியில இன்னொரு கூட்டம் உண்டு. "குக்கர்ல போட்டு மூணு விசில் விடு, எல்லாம் செத்துடும்"ங்கற கூட்டம். ஒத்துக்கறேன், முழுக்க மெட்டல்ல இருக்கற ரேஸர் அதைத் தாங்கிடும். ஆனா பிளாஸ்டிக் கைப்பிடி இருந்தா கோணிக்கும். அலுமினியக் கைப்பிடி கறுத்து மங்கிப் போகும். எங்க ஊர்த் தண்ணியில கொதிக்க வெச்சா உள்ள போனதைவிட வெளிய வரும்போது வெள்ளைப் படிவு கூடுதலா இருக்கும் :-) அழுக்கோட வேக வெச்சா அழுக்கு வெந்து இன்னும் இறுகும். அப்பவும் முதல்ல கழுவித்தான் ஆகணும்.

நிற்க. இந்த விஷயத்துல நான் யோக்கியன் மாதிரி பேசறதுக்கு முன்னாடி என் அசட்டுத்தனத்தையும் சொல்லிடறேன். முதல்முதலா கையில கிடைச்ச பழைய ரேஸர் தங்கநிறத்துல இருந்துச்சு. பித்தளைதானேன்னு புளியும் சாம்பலும் போட்டு, எங்கம்மா குத்துவிளக்கு விளக்கற மாதிரி நல்லா விளக்கினேன். பளபளன்னு வந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு வெளிச்சத்துல பார்த்தா மேல இருந்த தங்கப்பூச்சு பாதிக்கு மேல காணோம். அது தலைமுடியைவிட மெல்லிசான பூச்சுன்னு அப்ப தெரியாது. பழைய ரேஸர் பெரும்பாலும் பித்தளைமேல நிக்கல் பூசினது. புளியில இருக்கற அமிலமும், விளக்கற பொடியில இருக்கற மணலும் பூச்சைத் தின்னுடும். பூச்சு போன இடத்துல பித்தளை வெளிய தெரியும், அங்க மறுபடி களிம்பு ஏறும். குத்துவிளக்குக்குப் பூச்சு கிடையாது, வருஷம் முழுக்க விளக்கலாம். ரேஸரை அப்படி விளக்கக்கூடாது.

இப்ப நான் செய்யறது இதுதான்:

ரேஸரைக் கழட்டணும். உள்ள பழைய பிளேடு இருந்தா ஜாக்கிரதை. துருப்பிடிச்சதாச்சேன்னு அலட்சியமா எடுத்தா விரல் போயிடும். அதை அட்டையில சுத்தி டேப் ஒட்டித்தான் குப்பையில போடணும். குப்பை அள்ளறவங்களுக்கும் கை இருக்கு.

வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவற லிக்விட் ரெண்டு சொட்டு. அரைமணி நேரம் ஊறவிடணும். அப்புறம் மெத்துன்னு இருக்கற பழைய டூத்பிரஷ்ஷால எல்லாப் பக்கமும் தேய்க்கணும். கைப்பிடி மரைக்குள்ள காது குடையற பஞ்சுக்குச்சியை விட்டுச் சுத்தினா கறுப்பா வரும். வெள்ளையா வர்ற வரைக்கும் குச்சியை மாத்தி மாத்திச் சுத்தணும். போகாத மூலைக்குப் பல்குத்தற குச்சி. இரும்புநார், ஊசி எல்லாம் வேண்டாம்.

இதுக்கப்புறமும் உப்புக்கறை இருந்தா, வினிகர்ல சரிபாதி தண்ணி கலந்து பஞ்சுல தொட்டு அந்த இடத்துல மட்டும் வெச்சு அஞ்சு நிமிஷத்துல கழுவிடணும். ராத்திரி முழுக்க ஊறப்போட்டா பூச்சு கிளம்பிடும். சோடா உப்பு, வாஷிங் சோடா பக்கம் அலுமினியக் கைப்பிடியைக் கொண்டுபோகவே கூடாது, அரிச்சுடும்.

நல்லாத் தண்ணியில அலசி, துடைச்சு, காயவிட்டப்புறம்தான் ஸ்பிரிட். மருந்துக்கடையில எழுபது சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்னு கேட்டு வாங்கணும். 'தொண்ணூத்தொம்பது சதவீதம் இருந்தா இன்னும் ஸ்ட்ராங்கா வேலை செய்யுமே'ன்னு தோணும். செய்யாது. கிருமியோட புரதத்தைச் சிதைக்கறதுக்குக் கொஞ்சம் தண்ணி வேணும். தவிர, சுத்த ஆல்கஹால் வேலையை முடிக்கறதுக்குள்ள ஆவியாயிடும். மூடி போட்ட கண்ணாடி பாட்டில்ல ரேஸர் முழுகற அளவு ஊத்தி பத்து நிமிஷம். அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்துல இருக்கக்கூடாது. பெயின்ட் எழுத்தோ வார்னிஷோ இருக்கற ரேஸர்னா ஒரு ஓரத்துல தொட்டுப் பார்த்துட்டு முக்குங்க. அப்புறம் அலசி, காயவெச்சு, புது பிளேடு. முடிஞ்சது.

பாத்ரூம் கழுவற பிளீச்சிங் சமாச்சாரம் எதுவும் வேண்டாம். கிருமி சாகும், கூடவே உலோகத்துல புள்ளி புள்ளியா குழி விழும். அதைவிட முக்கியம், பிளீச்சையும் வினிகரையும் சேர்த்துக் கலந்துடாதீங்க. குளோரின் வாயு கிளம்பும். ரேஸரைச் சுத்தம் பண்ணப்போய் ஆளே போயிடற கதையாயிடும்.

துரு பட்டா டெட்டனஸ் வரும்னு பயப்படறவங்களுக்கு: அந்தக் கிருமி மண்ணுல இருக்கறது, துருவுக்கும் அதுக்கும் நேரடி உறவு கிடையாது. அதோட விதை மாதிரியான ஸ்போர் ஸ்பிரிட்டுக்கும் சாகாது. அதுக்கு வழி தடுப்பூசிதான். ரேஸருக்கு இல்லீங்க, நமக்கு.

ஸ்போர்னு சொன்னதும் இன்னொண்ணு. ரேஸரோட சேர்ந்து பழைய ஷேவிங் பிரஷ்ஷும் கிடைச்சா அதைத் தூர வெச்சுடுங்கன்னுதான் நான் சொல்வேன். முதல் உலகப்போர் சமயத்துல பேட்ஜர்ங்கற மிருகத்தோட முடி கிடைக்காம, குதிரைமுடியை வெச்சு அதே மாதிரி பிரஷ் செஞ்சு வித்தாங்க. முடியைச் சரியா சுத்தம் பண்ணாததால ஆந்த்ராக்ஸ் கிருமி அதுலயே தங்கி, அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் ஷேவ் பண்ணின சிப்பாய்ங்க பல பேருக்கு மூஞ்சியிலயும் கழுத்துலயும் வந்துச்சு. இத்தனைக்கும் அதெல்லாம் அப்ப புது பிரஷ். இன்னிக்கு அந்த ஆபத்து ரொம்ப ரொம்பக் குறைவுதான். ஆனா உலோகத்தைக் கழுவற மாதிரி முடிக்கட்டைக் கழுவ முடியாது. புது பிரஷ் வாங்கிக்கலாம், அதுல என்ன சிக்கனம்?

இதையெல்லாம் நண்பர்கிட்ட மூச்சுவிடாம சொல்லிட்டு, ஜெயிச்ச தோரணையில பஸ் ஏறினேன். பஸ்ல உட்கார்ந்ததும்தான் அந்த மூணாவது வரி ஞாபகம் வந்துச்சு. 'என் பையனும் இதையேதான் யூஸ் பண்றான்.'

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

நான் தினமும் ஷேவ் பண்றது எங்க மாமாவோட ரேஸர்ல. அதுவும் ஜில்லெட் டெக்தான், இங்கிலாந்துல செஞ்சது. 1974ல முதல் சம்பளம் வாங்கினதும் மெட்ராஸுக்குப் போய் பர்மா பஜார்ல வாங்கிட்டு வந்தாராம். கும்பகோணத்து வீட்டுப் பின்கட்டுல, கிணத்தடிச் சுவத்துல ஒரு மாடம் இருக்கும். அந்த மாடத்துலதான் அது எப்பவும் இருக்கும். பக்கத்துல ஒரு படிகாரக்கல், ரசம் போன கண்ணாடி. அந்த வீட்டுல மீசை முளைச்ச அத்தனை பேருக்கும் அது ஒண்ணுதான் ரேஸர். மாமா, சின்ன மாமா, லீவுக்கு வர்ற எங்கப்பா, அப்புறம் மாமா பையன். 1987ல பிளஸ் டூ பரீட்சை முடிஞ்சு போனப்போ நானும் சேர்ந்துக்கிட்டேன். என் முதல் ஷேவ் அந்தக் கிணத்தடியிலதான். மோவாயில ஒரு வெட்டு, மாமா சிரிச்சுக்கிட்டே படிகாரம் தேய்ச்சு விட்டார். பிளேடு வாரத்துக்கு ஒண்ணு. தண்ணியில ஒரு அலசு அலசிட்டு அடுத்தவர்கிட்ட கொடுக்கறதுதான் வழக்கம்.

1989ல மாமாவுக்கு மஞ்சக்காமாலை. கீழாநெல்லி கொடுத்தாங்க, பத்தியம் இருந்தார், கண்ணு வெளுத்துச்சு. ஆனா ஆளு தேறலை. தஞ்சாவூர்ல டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென் பாசிட்டிவ்'னு எழுதிக் கொடுத்தார். மெட்ராஸைத் தாண்டாத மனுஷனுக்கு ஆஸ்திரேலியா வியாதி எப்படி வந்துச்சுன்னு சொந்தக்காரங்க எல்லாருக்கும் குழப்பம். அது ஹெபடைடிஸ் பி வைரஸோட ஒரு அடையாளம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருத்தரோட ரத்தத்துல முதல்ல தெரிஞ்சதால அந்தப் பேருன்னு நான் தெரிஞ்சுக்கிட்டது ரொம்பப் பின்னாடி.

வீட்டுல என்ன நடந்துச்சு தெரியுமா? மாமாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். டம்ளர் அடியில ஆணியால ஒரு பெருக்கல் குறி போட்டு வெச்சாங்க. குழந்தைங்க கலந்து குடிச்சுடக்கூடாதுன்னு. துணியைத் தனியா துவைச்சாங்க. பந்தியில அவர் பக்கத்து இலையில உட்கார ஆள் வரலை. தன்னோட வீட்டுலயே விருந்தாளி மாதிரி திண்ணையில உட்கார்ந்து சாப்பிட்டார் மனுஷன். அஞ்சு வருஷம். 1994ல ஈரல் சுருங்கி, ரத்தவாந்தி எடுத்துப் போய்ச் சேர்ந்தார்.

அந்த அஞ்சு வருஷமும் ரேஸர் மாடத்துலயேதான் இருந்துச்சு. எல்லாருக்கும் பொதுவா.

ஹெபடைடிஸ் பி டம்ளர்ல வராது. தட்டுல வராது. பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டா வராது. கட்டிப்பிடிச்சா வராது. ரத்தத்துல வரும். தாய்கிட்டேருந்து குழந்தைக்கு, உடலுறவுல, ஊசியில, அப்புறம் பொதுவா வெச்சிருக்கற ரேஸர்ல, டூத்பிரஷ்ல. எது பரப்பாதோ அதுக்கு ஆணியால குறி போட்டோம். எது பரப்புமோ அதை அலசிட்டு அடுத்தவர் கையில கொடுத்தோம். மாமாவை அவமானப்படுத்தினதுதான் மிச்சம், யாரையும் காப்பாத்தலை.

மாமா பையன் 2006ல ஆபீஸ் ரத்ததான முகாம்ல ரத்தம் கொடுத்தான். நம்ம ஊர்ல தானமா வாங்கற ரத்தத்துல ஹெபடைடிஸ் பி கட்டாயம் பார்ப்பாங்க. அவனுக்குப் பாசிட்டிவ். அத்தைக்கு நெகட்டிவ், அதனால பிறக்கும்போது வந்திருக்க வாய்ப்பு குறைவு. ரேஸரால வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன். யாராலயும் அப்படி அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அந்தக் காலத்துல கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கற தண்ணியில காட்டிட்டு வரிசையா எல்லாருக்கும் போட்டாங்க, அதுலயும் வந்திருக்கலாம். ஆனா அவன் போன் பண்ணினப்போ ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல அந்த மாடம்தான் ஞாபகம் வந்துச்சு. "கெணத்தடி ஞாபகம் இருக்காடா?"ன்னான். நான் மறுநாளே போய் டெஸ்ட் எடுத்தேன். நெகட்டிவ். தடுப்பூசி மூணு டோஸும் போட்டுக்கிட்டேன். அவனுக்கு இப்ப தினம் ஒரு மாத்திரை. வைரஸ் அடங்கி இருக்கு, நல்லா இருக்கான், அவன் மனைவிக்கும் பிள்ளைங்களுக்கும் ஊசி போட்டாச்சு. மாமாவுக்குக் கிடைக்காத வைத்தியம்.

2022ல கும்பகோணத்து வீட்டை வித்தப்போ டிரங்குப் பெட்டியில அந்த ரேஸர் கிடைச்சுது. பழைய வேட்டித்துணியில சுத்தி. அத்தைதான் எடுத்து வெச்சிருந்திருக்காங்க. நான் கையில எடுத்ததும் பதறிட்டாங்க. "அதை மட்டும் எடுக்காதப்பா. அந்த வியாதி இன்னும் அதுல இருக்கும். ஆத்துல போட்டுடு."

அத்தைக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கயும் சொல்றேன். இந்த வைரஸ் கெட்டிதான். காய்ஞ்ச ரத்தத்துல ஒரு வாரம் ஆனப்புறமும் தொத்தவைக்கும்னு 1981லயே சிம்பன்சிகளை வெச்சு நிரூபிச்சிருக்காங்க. வெளிப்பார்வைக்கு ரத்தமே தெரியாத ரேஸர்லயும் இருக்கலாம். ஹெபடைடிஸ் சி அறை வெப்பத்துல ஆறு வாரம் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். எச்ஐவி காய்ஞ்சா சீக்கிரமே வலுவிழந்துடும். ஆனா இதெல்லாம் நாள் கணக்கு, வாரக் கணக்கு. இருபத்தெட்டு வருஷம் டிரங்குப் பெட்டியில காய்ஞ்சு கிடந்த ரேஸர்ல வைரஸ் உட்கார்ந்திருக்காது. அதுல இருந்தது சோப்பு, உப்பு, களிம்பு. அதைத்தான் மேல சொன்ன மாதிரி கழுவினேன். பிறகு எதுக்கு ஸ்பிரிட்னா, கடையில வாங்கின ரேஸர் போன வாரம் யார் மூஞ்சில இருந்துச்சுன்னு நமக்குத் தெரியாது. பத்து நிமிஷ வேலை. அதனால எந்த ரேஸரா இருந்தாலும் ஒரே முறை வெச்சுக்கறது என் பழக்கம். அதுக்கு மேல மனத்திருப்தியும் ஒரு காரணம், ஒத்துக்கறேன்.

ஆக, என் கருத்து இதுதான். முப்பது வருஷப் பழைய ரேஸரைப் பார்த்து முகம் சுளிக்கறோம். நேத்து ராத்திரி அண்ணன் ஷேவ் பண்ணி, இன்னும் ஈரம் காயாத ரேஸரைக் கூசாம எடுத்துக்கறோம். பயம் தப்பான இடத்துல இருக்கு. பழசுங்கறதால ஆபத்து இல்லை. பொதுங்கறதாலதான் ஆபத்து.

சலூன்ல மட்டும் நாம கொஞ்சம் தேறிட்டோம். எய்ட்ஸ் பயம் வந்தப்புறம் தோல்பட்டையில தீட்டற கத்தி போய், பாதியா உடைச்ச பிளேடு வந்துடுச்சு. "புது பிளேடு போடுங்கண்ணே"ன்னு கேட்கக் கூச்சப்படறதில்லை. ஆனா அங்கயும் பிளேடு புதுசு, படிகாரக்கல் எல்லாருக்கும் ஒண்ணு. வெட்டுப்பட்ட இடத்துலதான் அதைத் தேய்க்கறாங்கன்னு யாரும் யோசிக்கறதில்லை. நான் இப்பல்லாம் கல் வேண்டாம்னு சொல்லிடறேன். முதல் தடவை சலூன் அண்ணன் ஒரு மாதிரி பார்த்தார். விளக்கினதும் "அட, ஆமால்ல"ன்னுட்டு படிகாரத்தைப் பொடிச்சுத் தண்ணியில கலந்து பஞ்சுல தொட்டு வைக்க ஆரம்பிச்சுட்டார்.

வீட்டுக்குள்ளதான் இந்த ஞானம் வரலை. 'நம்ம அப்பா, நம்ம தம்பி, இதுல என்ன'ங்கற பாசம். இந்தக் கிருமிக்கு சொந்தபந்தம் தெரியாது. உடம்புல இருக்கறவங்களுக்கே பல வருஷம் தெரியாது, ஒரு அறிகுறியும் இருக்காது. மாமாவுக்கும் தெரியலை, மாமா பையனுக்கும் தெரியலை. குழந்தைங்களுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்துல இது 2002ல சில இடங்கள்ல ஆரம்பிச்சு 2011லதான் நாடு முழுக்க வந்துச்சு. இதைப் படிக்கற நம்மள்ல பெரும்பாலானவங்க அதுக்கு முன்னாடி பிறந்தவங்க. தனியா போட்டுக்கிட்டிருந்தாதான் உண்டு. ஒரு ரத்தப் பரிசோதனை, மூணு ஊசி. பழைய ரேஸருக்கு நாம பார்க்கற பக்குவத்துல பாதி போதும்.

பஸ்ஸை விட்டு இறங்கினதும் நண்பருக்குப் போன் பண்ணினேன். மறுபடி ஸ்பிரிட் பாடம் எடுக்கப்போறேன்னு நினைச்சு அலுத்துக்கிட்டார். "அதை விடுங்க. பையனுக்கு வேற ஒண்ணு வாங்கிக் கொடுங்க"ன்னேன். கிணத்தடி, டம்ளர், எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அது கிடக்கட்டும் சார், அந்த டம்ளர் என்னாச்சு?"ன்னு கேட்டார்.

டம்ளர் அத்தைகிட்டதான் இருக்கு. வீடு மாறினப்போ ரேஸரை ஆத்துல போடச் சொன்னவங்க அதைப் போடலை. இப்ப அவங்க காபி குடிக்கறது அதுலதான். நான் எதுவும் கேட்டுக்கலை.

போன மாசம் என் பையன் மாமா ரேஸரைக் கேட்டான். பதினெட்டு வயசு, பழைய சாமான்ல ஆசை, அப்பனைக் கொண்டு பிறந்திருக்கான். கொடுக்கலை. அவனுக்குன்னு புதுசா ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டேன். நான் தினமும் எடுக்கற வரைக்கும் அது என்னோடது மட்டும்தான். எனக்கப்புறம் அவன் எடுத்துக்கட்டும். எப்படிக் கழுவணும்னு மேல எழுதி வெச்சிருக்கேன்.